ஜேசிபியை வாடகைக்கு விட்டுத் தரும் ஓர் இடைத்தரகுச் சேவை: பதினெட்டு மாத மதிப்பீடு

மண்வேலை இயந்திரம் வைத்திருப்பவரிடமிருந்து அதைப் பெற்று, வேலை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு வாடகைக்கு அனுப்பி, வாடகையை வசூலித்து, தரகைப் பிடித்துக்கொண்டு மீதியை உடைமையாளருக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் எங்கள் கொங்குப் பகுதியில் சில இயங்குகின்றன. அவற்றில் ஒன்றிடம் 2024 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை என் ஜேசிபியை விட்டிருந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்களுக்குள் ஒரு கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது என்பது ஒரு காரணம். நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு நிறுவனத்தின் குணத்தால் வந்ததன்று, சொந்த இயந்திரத்தை அடுத்தவர் கையில் கொடுப்பதிலேயே அடங்கியிருப்பது என்பது அதைவிட முக்கியமான காரணம். எனவே இதே போன்ற சேவை எதை நாடுகிறவருக்கும் இந்த மதிப்பீடு பயன்படக்கூடும்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு வண்டி. 2022-இல் 21 லட்சம் ரூபாய்க்குப் பழைய வண்டியாக வாங்கினேன். அதில் 15 லட்சம் கடன், மாதத் தவணை 40,300 ரூபாய். முன்னால் அகலமான பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட, ரப்பர் சக்கரத்தில் ஓடும் வகை. நாளிதழ்கள் இதைப் பொக்லைன் என்று எழுதுகின்றன, ஊரில் எல்லோரும் ஜேசிபி என்கிறார்கள். இரண்டுமே நிறுவனப் பெயர்கள்தாம், ஒன்று பிரான்சிலிருந்தும் மற்றொன்று இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. பெயர் எதுவானாலும், ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகத் தன் பணத்தை எல்லாம் போட்டு வைக்கும் பொருள் இது என்பதை மறந்துவிட்டு இதன் வாடகைக் கணக்கைப் பேச முடியாது.

நிறுவனத்தின் நல்ல பக்கத்தை முதலில் பதிவு செய்வதே நியாயம். தரகு எட்டு விழுக்காடு. நானாக அலைந்து பிடித்தால் மாதம் நூறு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடைக்காத வண்டிக்கு, முதல் ஐந்து மாதங்களில் சராசரியாக 160 மணி நேரம் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் டீசலும் ஆபரேட்டரும் என் பொறுப்பு. மாத வரவு 1,92,000 ரூபாய். அதில் தரகு 15,360. மணிக்கு ஐந்து லிட்டர் வீதம் டீசல் ஏறக்குறைய 73,600. ஆபரேட்டரின் சம்பளமும் பேட்டாவும் 32,500. கிரீஸ், ஆயில், சர்வீஸ் என்று பத்தாயிரம். தவணையையும் கட்டிய பிறகு கையில் இருபதாயிரத்துச் சொச்சம் நின்றது. டயரும் காப்பீடும் அந்த இருபதாயிரத்திலிருந்துதான் வர வேண்டும் என்றாலும், பணம் ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் வங்கிக்கு வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர்களின் வாசலில் பில்லை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இந்த ஏழாம் தேதியின் அருமை தெரியும்.

ஆறாவது மாதம் மழை தொடங்கி வேலை குறைந்தபோது, நிறுவனத்தின் களப் பொறுப்பாளர் வேறொரு திட்டத்தைச் சொன்னார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஒப்பந்தக்காரருக்கு மாத வாடகைக்கு வண்டி வேண்டும். டீசலும் ஆபரேட்டரும் அவருடையவை. 200 மணி நேர வரம்புக்கு மாதம் 85,000 ரூபாய். "வண்டி எங்க நின்னாலும் மாசம் பொறந்தா காசு வந்துருங்கண்ணா, நீங்க தலையே காட்ட வேண்டியதில்லீங்க" என்றார். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தரகும் சர்வீஸும் தவணையும் போக மாதம் 27,900 ரூபாய் நிற்கும். அதாவது நானே ஓட்டுவதைக் காட்டிலும் ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கூடுதல், அதுவும் ஓடி ஓடி டீசல் ஊற்றும் வேலை இல்லாமல். என்னிடம் நெடுநாளாக இருந்த ஆபரேட்டரை இரண்டு மாதத்துக்கு நண்பர் ஒருவரின் வண்டிக்கு அனுப்பிவிட்டு, 2024 ஆகஸ்ட் முதல் தேதி சாவியைக் கொடுத்தேன். அந்த ஏழாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு நான் எதை விற்றேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் தகராறு மணிக்கணக்கில் வந்தது. சாவியைக் கொடுத்த அன்று வண்டியின் ஹவர் மீட்டரில் 4,812 இருந்தது. மாத முடிவில் 5,069. ஆக 257 மணி நேரம் எஞ்சின் ஓடியிருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் கையெழுத்திட்டு அனுப்பிய லாக் ஷீட்டிலோ, அதாவது வேலை நேரக் குறிப்புத் தாளிலோ, 198 என்று இருந்தது. வரம்புக்கு உட்பட்டது என்பதால் கூடுதல் வாடகை இல்லை என்றார்கள். மீட்டரைச் சுட்டிக்காட்டினால், வேலை செய்யாமல் எஞ்சின் மட்டும் ஓடிய நேரத்தையும் அது சேர்த்துக் காட்டும் என்று பதில் வந்தது. அது உண்மைதான், எஞ்சின் ஓடும் வரை மீட்டரும் ஓடும். ஆனால் ஆயில் மாற்றும் கணக்கும், இயந்திரத்தை விற்கும்போது வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்கும் எண்ணும் அந்த மீட்டர்தானே ஒழிய எவருடைய லாக் ஷீட்டும் அன்று. மீட்டர்படி வரம்பைத் தாண்டிய 57 மணி நேரத்துக்கு, ஒப்பந்த வாடகையையே வகுத்து மணிக்கு 425 ரூபாய் என்று வைத்தாலும் 24,225 ரூபாய் எனக்கு வர வேண்டும். நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு செல்லும் என்று எழுதியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாம் மாதத் தொடக்கத்தில் நேரில் போய்ப் பார்த்தேன். பக்கெட்டின் பற்களில் இரண்டு இல்லை. பின் கை திரும்பும் கிங் போஸ்ட்டின் அருகே புதிதாக வெல்டிங் வைத்த தழும்பு இருந்தது. மூட்டுகளில் இருக்கும் பின் ஊசிகளும் புஷ் வளையங்களும் காய்ந்து கிடந்தன. தினமும் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களில் கெட்டிப்பட்ட மண்தான் இருந்தது. பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்பதை ஹைட்ராலிக் ஹோஸின் இணைப்புகளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பிரேக்கர் அடித்தால் அதிர்ச்சி முழுவதும் கை வழியாக வண்டியின் உடம்புக்குள் இறங்கும்; ஹோஸைக் கழற்றி மாட்டும்போது புழுதி உள்ளே போனால் ஹைட்ராலிக் பம்ப் கெடும். இப்போது கெடாது, ஆறு மாதம் கழித்துக் கெடும், அப்போது வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர் தலையில் விடியும். சொந்த ஆபரேட்டருக்கும் வாடகை ஆபரேட்டருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் முன்னவர் எஞ்சினை நிறுத்துவார், பின்னவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார்.

இவற்றுக்கு இழப்பீடு கேட்டபோது, 'இயல்பான தேய்மானம் உடைமையாளரைச் சார்ந்தது' என்ற வரியைக் காட்டினார்கள். பல் உடைவது தேய்மானமா, சேதமா என்று வாதாடலாம்; கிங் போஸ்ட் விரிசல் எனக்கு முன்பே இருந்ததா என்று அவர்கள் கேட்டபோதுதான் வாயடைத்துப் போனேன். ஒப்படைத்த அன்று இரு தரப்பும் சேர்ந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. இந்தச் சேவையின் மிகப்பெரிய குறை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எட்டு விழுக்காடு தரகு வாங்கும் நிறுவனம், இயந்திரம் கைமாறும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆளையே அனுப்புவதில்லை. திருமண மண்டபத்தில் பாத்திரம் வாடகைக்கு எடுத்தால்கூடக் கரண்டியை எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை பணக் கணக்கு. 2024 செப்டம்பர் 19 அன்று நடந்தது வேறு.

வாடகைக்கு எடுத்தவருக்கு ஓர் ஏரியில் வண்டல் மண் அள்ளும் வேலை இருந்தது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலைகளிலிருந்து வண்டலையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் விதி உண்டு. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவும் உண்டு. 2024-இல் இந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்க அரசு வழி செய்தது. நல்ல திட்டம். ஆனால் வயலுக்கென்று பெற்ற அந்தத் தாளை வைத்துக்கொண்டு, வண்டலுக்குக் கீழே இருந்த கிராவலைத் தோண்டி ஒரு மனைப்பிரிவுக்கு லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். வருவாய்த் துறையினர் வந்தபோது லாரிகள் ஓடிவிட்டன. மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தெரியாத என் ஜேசிபி ஏரிக்குள் நின்றது. ஆபரேட்டரும் இறங்கி ஓடிவிட்டார். வண்டியில் இருந்த ஒரே அடையாளம் பதிவு எண். பதிவு எண்ணில் இருந்த ஒரே பெயர் என்னுடையது. வழக்கில் இயந்திரத்தின் உரிமையாளர் என்ற முறையில் எனக்கு அழைப்பு வந்தபோது, அந்த ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகுதான் வழக்கறிஞரிடம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 21-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியின்றிக் கனிமம் எடுக்கவோ கொண்டுசெல்லவோ பயன்படுத்தப்பட்ட கருவி, இயந்திரம், வாகனம் எதையும் பறிமுதல் செய்ய அதிகாரிக்கு உரிமை தருகிறது. அதற்கு அடுத்த உட்பிரிவு, நீதிமன்றம் அதை அரசுடைமை ஆக்கவும் வழி செய்கிறது. அந்த வாசகத்தில், கருவி யாருடையது, அவருக்குத் தெரிந்து நடந்ததா என்ற கேள்வி பறிமுதல் செய்யும் கட்டத்தில் எழுவதே இல்லை. மண் எப்படிக் கனிமமாகும் என்று என்னைப் போலவே பலர் கேட்கக்கூடும். சாலை, கட்டடம் போன்றவற்றில் நிரப்பவும் சமன்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணையே 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு சிறு கனிமமாக அறிவித்துவிட்டது. கிராவல் அதற்கு முன்பிருந்தே சிறு கனிமம். ஆகவே ஒரு ஜேசிபி செய்யும் வேலையில் பெரும்பகுதி, தாள் சரியில்லை என்றால் கனிமக் குற்றமாக மாறக்கூடிய வேலை.

வண்டி 71 நாள் அலுவலக வளாகத்தில் ஒரு புங்க மரத்தடியில் நின்றது. உரிமையாளர் என்ற முறையில் நீதிமன்றத்தில் இடைக்கால ஒப்படைப்புக் கேட்டு மனுச் செய்து, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, நவம்பர் 29 அன்று எடுத்துவந்தேன். பறிமுதலான வண்டிகளை மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் நிறுத்தி வீணாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருந்தாலும், கனிம வழக்குகளில் விடுவிப்பு அத்தனை எளிதாக நடப்பதில்லை. எடுத்துவந்தபோது பேட்டரி செத்திருந்தது. டீசல் டேங்க் வற்றியிருந்தது. எலி இரண்டு இடத்தில் வயரைக் கடித்திருந்தது. ஓடாத வண்டிக்குக் கட்டிய தவணை, வழக்கறிஞர் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயை எட்டிவிட்டது. வழக்கு முடியும் வரை வண்டியை விற்கவோ அடையாளத்தை மாற்றவோ மாட்டேன், கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆக, 21 லட்சம் போட்டு வாங்கிய பொருளை இன்று விற்க எனக்கு உரிமை இல்லை.

இந்த 71 நாளில் நிறுவனம் என்ன செய்தது என்பதே இந்த மதிப்பீட்டின் மையம். செப்டம்பர் 19 மாலையே களப் பொறுப்பாளர் தொலைபேசியில் பேசினார். வாடகைக்கு எடுத்தவரின் முகவரியையும் ஆதார் நகலையும் அனுப்பினார். ஒருமுறை என்னோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வந்தார். மனிதராக அவரிடம் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நிறுவனம் எழுத்தில் அனுப்பிய பதில், ஒப்பந்தத்தின் 14-ஆம் பத்தியைச் சுட்டிக்காட்டும் மூன்று வரிகள். 'நிறுவனம் இரு தரப்பையும் இணைத்து வைப்பதோடு சரி. இயந்திரத்தின் பயன்பாடு, பயன்படும் இடம், அனுமதிகள், அதனால் எழும் வழக்குகள் எவற்றுக்கும் நிறுவனம் பொறுப்பாகாது' என்பது அந்தப் பத்தியின் சாரம். வாடகைக்கு எடுத்தவர் கட்டியிருந்த ஒரு மாத முன்பணத்தை என்னிடம் கொடுத்தார்கள், அதிலும் தரகைப் பிடித்துக்கொண்டு. தரகைப் பிடித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

களப் பொறுப்பாளர் முதல் நாளே சொன்ன ஆறுதல், "எதுன்னாலும் இன்சூரன்ஸ் இருக்குதுங்கண்ணா" என்பது. காப்பீடு எதையெல்லாம் பார்த்துக்கொள்ளாது என்பதை வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் தன் பாலிசியை எடுத்து வாசித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தக்காரர் இயந்திரங்களுக்கென்று விற்கப்படும் பாலிசிகளின் வழக்கமான வாசகத்தில், வெளியிலிருந்து திடீரென்று ஏற்படும் விபத்துச் சேதத்துக்குத்தான் பணம். இயந்திரத்தின் உள்ளேயே பழுதாவது, ஆயில் அல்லது கூலன்ட் இல்லாமல் எரிந்துபோவது, தேய்மானம், பற்கள், டயர் போன்ற மாற்றக்கூடிய உறுப்புகள் ஆகியவை விலக்கு. என் வண்டிக்கு நேர்ந்த எல்லாமே விலக்குப் பட்டியலில் அடங்கின. பறிமுதலுக்கு எந்தப் பாலிசியிலும் நான் பணம் கண்டதில்லை. நம்பி ஒப்படைத்த வண்டியை எடுத்தவர் திருப்பித் தராமல் ஏமாற்றினால், அது திருட்டன்று, நம்பிக்கை மோசடி என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடுவதும் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை இரண்டும் தனித்தனிக் குற்றங்களே, முன்னது 303-ஆம் பிரிவு, பின்னது 316. சாவியை நம் கையாலேயே கொடுத்திருக்கிறோம் என்பது அங்கே நமக்கு எதிராக நிற்கும்.

சாலையில் விபத்து என்றால் நிலைமை இன்னும் கடுமை. ரப்பர் சக்கரத்தில் ஓடும் ஜேசிபி, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டுமான உபகரண வாகனம்; ஆர்.சி. உண்டு, மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் பொதுவாக யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர். விற்றுப் பல கை மாறிய பிறகும் பதிவில் பெயர் மாற்றாத பழைய உரிமையாளரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற வண்டிக்கே இந்த நிலை என்றால், வாடகைக்கு விட்ட வண்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தவர் அமர்த்திய ஆபரேட்டரிடம் உரிய உரிமம் இல்லையென்றால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை நம்மிடம் வசூலிக்க வரலாம். என் வண்டியை ஏரியில் விட்டு ஓடியவரின் உரிமத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. நிறுவனமும் பார்த்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கமும் இருக்கிறது, நமக்கு எதிராகவும் இருக்கிறது. 154-ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த பொருளைப் பேசிய நிபந்தனைக்கு மாறாகப் பயன்படுத்துகிறவர் அதனால் வரும் சேதத்துக்கு ஈடு தர வேண்டும். பிரேக்கர் மாட்டியதற்கும் ஏரிக்குள் இறக்கியதற்கும் நான் இதை வைத்துத்தான் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். ஆனால் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று எழுதி வைத்திருந்தால்தான் அந்தப் பிரிவுக்குப் பல் இருக்கும். 150-ஆம் பிரிவோ உடைமையாளர் பக்கம் திரும்புகிறது. ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால், நமக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் மறைத்தால் மட்டுமே நாம் பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்தால், அதில் குறை இருப்பது நமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அதனால் வரும் சேதத்துக்கு நாம் பொறுப்பு. பிரேக் பிடிக்காமல் போய் ஒரு சுவர் இடிந்தால், 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே பதிலாகாது. அதே சட்டத்தின் 159-ஆம் பிரிவு, இரவலாகக் கொடுத்த பொருளைச் சொன்ன கெடுவுக்கு முன்பே திருப்பிக் கேட்கவும் உரிமை தருகிறது. என் மைத்துனர் கிணற்றுச் சேறு அள்ள ஒரு நாள் என்று கேட்டு வண்டியை ஒன்பது நாள் வைத்திருந்தபோது இந்தப் பிரிவு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவரிடம் வாசித்துக் காட்டியிருக்க முடியாது.

கம்பிவடம், குழாய் ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தோண்டும்போது தொலைபேசிக் கண்ணாடி இழைக் கம்பியையோ குடிநீர்க் குழாயையோ அறுத்தால், முதல் பில் வண்டியைத் தேடித்தான் வரும். தோண்டுகிறவர் முன்கூட்டியே அந்தந்தத் துறைகளுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு கைபேசிச் செயலியைத் தொடங்கியது. வாடகைக்கு எடுத்தவரிடம் அதைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு வரிகூட நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இல்லை.

என் தவறுகளையும் மறைக்கப்போவதில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதைக் கைபேசியில் காட்டும் கருவி என் வண்டியிலேயே இருந்தது. அதன் ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் விட்டிருந்தேன். இப்போது கட்டியிருக்கிறேன். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினாலோ இரவில் எஞ்சின் இயங்கினாலோ செய்தி வரும்படி வைத்துக்கொள்ளலாம். அது அன்று வேலை செய்திருந்தால், பேசிய இடத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குள் இறங்கிய அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். இதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்போன ஊர். இங்கிருந்து போகும் ரிக்குகள் ஆந்திரா, கர்நாடகம் தாண்டி வடக்கே வெகு தூரம் சென்று மாதக்கணக்கில் வேலை செய்கின்றன. அந்த வண்டிகளோடு மேலாளர், டிரில்லர், ஓட்டுநர், உதவியாட்கள், சமையல்காரர் என்று ஊர் ஆட்களே போகிறார்கள். தோண்டிய ஆழத்தின் அடிக்கணக்கை எழுதுவது அவர்களுடைய மேலாளர். எந்த ரிக் முதலாளியும் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பி நான் பார்த்ததில்லை. இந்த வழக்கத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த நான் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒப்பீட்டுக்கு அரசின் முறையையும் சொல்லலாம். வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு டிராக்டர், புல்டோசர், மண் அள்ளும் இயந்திரம் ஆகியவற்றை மணி வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதிவு செய்யலாம். தனியார் சேவையைக் காட்டிலும் காத்திருக்க நேரும் என்பது விவசாயியாக எனக்கு நேரடி அனுபவம். ஆனால் உடைமையாளர் என்ற கண்ணோடு பார்த்தால் அந்த முறையில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கின்றன: பணம் முன்னதாகவே கட்டப்படுகிறது, ஓட்டுபவர் துறையின் ஆள், எந்த நிலத்தில் என்ன வேலை என்பது பதிவிலேயே இருக்கிறது.

தீராத கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னது வரிப் பிடித்தம். மாத வாடகையில் இரண்டு விழுக்காடு டி.டி.எஸ். என்று பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பினார்கள். ஆண்டு முடிவில், நம் பெயரில் கட்டப்பட்ட வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது நான்கு மாதப் பிடித்தம் என் பான் எண்ணில் ஏறவில்லை. கணக்காளர் மாறிவிட்டார் என்று மூன்று முறை சொன்னார்கள். இந்தச் சேவைகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஆண்டு முடியும் வரை காத்திருக்காமல் காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் படிவத்தைப் பார்ப்பது நல்லது.

2024 டிசம்பரிலிருந்து 2025 ஜூன் வரை அதே நிறுவனத்திடம்தான் வண்டியை விட்டேன் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். தவணை நிற்காதே, வேலை பிடிப்பதில் அவர்களை மிஞ்ச இந்த வட்டாரத்தில் நான் கண்டவரை ஆள் இல்லை. ஆனால் என் ஆபரேட்டரோடு மட்டும், மணி வாடகைக்கு மட்டும், வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். வேலை நிலத்தின் அனுமதித் தாளைக் கைபேசியில் பார்க்காமல் எஞ்சினைத் தொடக் கூடாது என்று ஆபரேட்டரிடம் சொல்லிவைத்தேன். அவர் இரண்டு இடத்தில் மறுத்துத் திரும்பி வந்தார், அந்த இரண்டு நாள் வாடகையும் போனது, நிறுவனம் முகம் சுளித்தது. அந்த ஏழு மாதங்களில் வேறு எந்தச் சிக்கலும் இல்லை. இந்த வரம்புக்குள் பயன்படுத்தினால் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். சாவியை மட்டும் ஒப்படைக்கும் மாத வாடகைத் திட்டத்துக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஏழாம் தேதி தவறாமல் வந்த பணத்துக்காக.

ஜூலையில் புதுப்பிக்க வந்த ஒப்பந்தத்தில் இயந்திரத்தைக் கூட்டாகப் பார்வையிடும் படிவம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. ஹவர் மீட்டர் கணக்கே செல்லும் என்ற வரியும் வந்திருந்தது. 14-ஆம் பத்தி அப்படியே இருந்தது. அதில் 'அனுமதிகள்' என்ற சொல்லை அடித்துவிட்டு, வாடகைக்கு எடுப்பவரின் அனுமதித் தாளையும் ஆபரேட்டரின் உரிமத்தையும் சரிபார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, தங்கள் கையெழுத்து இல்லாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி இப்போது வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. திங்கட்கிழமை முதல் பக்கத்து ஊரில் ஒரு தோட்டத்துக்கு வரப்பு மேடு எடுக்கும் வேலை, மணிக்கு 1,200 ரூபாய், தரகு இல்லை, ஆபரேட்டர் என்னுடையவர்.